கிடைமாடுகளின் ஈரலைத் தின்னும் தட்டைப்புழு: ஊர் ஊராக நடக்கும் மந்தையைக் காப்பது எப்படி?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கிறீங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சதும் தட்டுக்கடையில் பொறோட்டாவும் பீஃப் லிவர் ஃப்ரையும் சொல்றீங்க. தட்டில் வந்திருக்கிற அந்த ஈரல் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்ததுண்டா?

கேரளத்தில் இறைச்சிக்காக வெட்டப்படும் மாடுகளில் பெரும்பகுதி தமிழ்நாடு உள்ளிட்ட வெளி மாநிலங்களிலிருந்துதான் வருது. இறைச்சிக்கூடத்தில் அவற்றின் ஈரலை அறுத்துப் பார்க்கும்போது சிலவற்றில் ஒரு காட்சி தெரியும்: பித்தக்குழாய்கள் தடித்து, வெள்ளையாக, சுண்ணாம்புக் குழாய் மாதிரி விறைத்திருக்கும். கத்தி வைத்தால் 'நறநற' என்று சத்தம் வரும். உள்ளே காய்ந்த இலை மாதிரி தட்டையான புழுக்கள் இருக்கும். அந்த ஈரல் சாப்பாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கப்படும்.

ஒதுக்கப்பட்ட ஈரலால் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. அந்த மாட்டை வளர்த்தவருக்கோ நஷ்டம் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது. அதுவும் அவர் ஒரே இடத்தில் நிற்காமல், மந்தையோடு ஊர் ஊராக நடக்கும் கிடைக்காரர் என்றால், இந்தப் புழுவைக் கட்டுப்படுத்துவது அவருக்கு இன்னும் கஷ்டம். ஏன், அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

கிடைமாடு என்றால் என்ன?

2017 ஜனவரியில் மெரினாவில் நின்றவர்களுக்கு, அல்லது ஃபோனில் லைவ் பார்த்தவர்களுக்கு, புலிக்குளம் காளையைத் தெரியும். வாடிவாசலில் சீறிக்கொண்டு வருமே, அந்த இனம். ஆனால் அதன் தாய்மாடுகள் எப்படி வாழுதுன்னு பலருக்குத் தெரியாது.

மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கம் புலிக்குளம் மாடுகள் பெரும்பாலும் வீட்டுத் தொழுவத்தில் கட்டி வளர்க்கப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான மாடுகள் ஒரே மந்தையாகச் சேர்ந்து மேயும். அறுவடை முடிந்த வயல், காய்ந்து வரும் கண்மாய், மலையடிவாரம் என்று பருவத்துக்கு ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி விவசாயியின் வயலில் மந்தையை அடைத்து வைப்பார்கள். இதுதான் கிடை போடுவது. சாணமும் கோமியமும் வயலுக்கு உரம், அதற்கான கூலி கிடைக்காரருக்கு வருமானம். தேனிப் பக்கம் மலைமாடு, ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மாடு ஆகியவையும் மேய்ச்சலை நம்பி வளர்பவைதான்.

இந்த மாடுகள் லிட்டர் கணக்கில் பால் கொடுப்பவை அல்ல. கன்று, கிடைக்கூலி, சாணம் மூன்றும்தான் வரவு. வருஷத்துக்கு ஒரு கன்று தவறினாலே கணக்கு இடிக்கும். தட்டைப்புழு கைவைப்பது அங்கேதான்.

இந்தப் புழு எப்படிப் பரவுது?

நம் பக்கம் மாடுகளைத் தாக்கும் முக்கியமான ஈரல் புழுவின் பெயர் ஃபேசியோலா ஜைகாண்டிகா. வளர்ந்த புழு சில சென்டிமீட்டர் நீளம், தட்டை வடிவம். 1850-களில் ஸ்பென்சர் கோபோல்ட் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் விவரித்தது ஓர் ஒட்டகச்சிவிங்கியின் ஈரலில் பார்த்துத்தான்.

இது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நேராகத் தொற்றாது. நடுவில் ஒரு நத்தை வேண்டும். படிப்படியாகப் பார்த்தால்:

1. மாட்டின் பித்தக்குழாயில் இருக்கும் புழு, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். முட்டை பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாணத்தில் வெளியேறும்.

2. சாணம் தண்ணீரிலோ சேற்றிலோ விழுந்தால், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகி, முட்டை பொரியும். வெளிவரும் நுண்ணிய குஞ்சுப்புழுவுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் லிம்னேயா வகை நன்னீர் நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே புகவேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

3. நத்தைக்குள் அது பல மடங்காகப் பெருகும். உள்ளே போனது ஒன்று, வெளியே வருவது நூற்றுக்கணக்கில். இதற்குச் சுமார் இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகும். வெப்பத்தையும் தண்ணீரையும் பொறுத்து இந்தக் கணக்கு மாறும்.

4. வெளியே வந்தவை நீந்திப்போய், தண்ணீரோரப் புல்லிலும் நெல்தாளின் அடிப்பகுதியிலும் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். ஈரமிருந்தால் இந்தக் கூட்டுப்புழு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடு காத்திருக்கும். கடும் வெயிலில் நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும்.

5. மாடு அந்தப் புல்லைத் தின்னும். குடலில் கூடு கரையும். குட்டிப்புழு குடல் சுவரைத் துளைத்து, ஈரலைத் தின்றுகொண்டே வாரக்கணக்கில் பயணம் செய்து, பித்தக்குழாயை அடையும். புல்லைத் தின்ற நாளிலிருந்து முட்டை போடத் தொடங்கும்வரை ஏறக்குறைய மூன்று முதல் நான்கு மாதம்.

கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்க. மருந்து எப்போது கொடுப்பது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கு.

இவ்வளவு சுற்றுப்பாதையைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நூற்றாண்டுகள் ஆச்சு. ஆடுகளின் ஈரல் அழுகல் நோயைப் பற்றி 1379-லேயே ஷான் தெ ப்ரி என்ற பிரெஞ்சு மேய்ப்பர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் நத்தைக்கு இதில் பங்குண்டு என்பது 1880-களின் தொடக்கத்தில்தான் நிரூபணமானது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கான ஆடுகள் இந்த நோயில் செத்த பிறகு, ஆக்ஸ்ஃபோர்டில் அல்ஜர்னன் தாமஸும் ஜெர்மனியில் ருடால்ஃப் லூக்கார்ட்டும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஊர் ஊராக நடக்கும் மந்தைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

'ஒரே இடத்தில் மேயாமல் நகர்ந்துகொண்டே இருந்தால் புழு தொற்றுவது குறையணுமே?' என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேட்டுநிலத்தில் நகரும் மந்தைக்கு அது உண்மை. பிரச்சினை என்னவென்றால், கிடை மந்தை நகரும் பாதையும் தண்ணீர் நகரும் பாதையும் ஒன்று.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கண்மாய் நிறையும், வயலில் தண்ணீர் நிற்கும், நத்தை பெருகும். ஜனவரியில் தொடங்கி அறுவடை. மழையில் நத்தைக்குள் நுழைந்த புழு, கூட்டுப்புழுவாகிப் புல்லில் ஒட்டிக் காத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். மந்தை தாள்வயலுக்குள் இறங்குவதும் அப்போதுதான்.

பிறகு வெயில் ஏற ஏற, மேட்டுப் புல் காய்ந்துபோகும். பச்சை மிஞ்சுவது வற்றிவரும் கண்மாயின் ஓரத்தில் மட்டும். மொத்த மந்தையும் அங்கே கூடும். அந்தச் சேற்றோரம்தான் நத்தைகளுக்கும் கடைசிப் புகலிடம்.

இதில் ஒரு முரணும் இருக்கு. கிடைக்காரர் விவசாயிக்கு விற்பது சாணம். புழுமுட்டை பயணிப்பதும் அதே சாணத்தில். கோடையில் காய்ந்த வயலில் போட்ட கிடை என்றால், வெயிலில் பெரும்பாலான முட்டைகள் அழிந்துவிடும். தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சில நாள் முன்பு போட்ட கிடை என்றால், முட்டைக்கு வேண்டிய ஈரம் தானாகக் கிடைக்கும். அடுத்த வருஷம் அதே வயலுக்கு மந்தை திரும்பி வரும்போது, போன வருஷத்து முட்டை புல்லில் காத்திருக்கும்.

மேய்ச்சல் நிலம் சுருங்குவதும் இதோடு சேர்ந்துகொள்ளுது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று ஆனது. ஆனால் தேனி, விருதுநகர்ப் பக்கத்து மலையடிவாரம் 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கு. காடு புலிக்கு வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் மலைச்சரிவில் மேய்ந்த மாடு கீழே இறங்கினால், அது போய் நிற்கும் இடம் கண்மாய்க்கரை. மேட்டுப் புல்லில் இல்லாத புழு அங்கே இருக்கு.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டாவுக்கு, வெள்ளம் வடியும் காலத்தில் ஃபுலானி மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டி வருவார்கள். வெள்ளம் விட்டுப்போன பசும்புல்தான் அவர்களுக்கும் உயிர்நாடி, அவர்களுடைய மாடுகளுக்கும் அங்கேதான் ஈரல் புழு.

திருவனந்தபுரத்து மாடுகளுக்கு இது வராதா?

வரும், ஆனால் வேறு வழியில். வெள்ளாயணிக் காயல், புஞ்சக்கரி வயல் பக்கம் போனால், புல்லை அறுத்துக் கட்டாகக் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கலாம். இங்கே மாடு புல்லைத் தேடிப் போவதில்லை, புல்தான் மாட்டைத் தேடி வருது. தொழுவத்தைவிட்டு வெளியே வராத பசுவுக்கும், வயல் வரப்பில் அறுத்த ஈரப்புல் வழியாகக் கூட்டுப்புழு போய்ச் சேரும்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்வதால், நத்தைக்கு ஏற்ற ஈரக்காலமும் இங்கே நீளம். ஒரே ஆறுதல், வீட்டு மாட்டுக்கு மருத்துவர் எளிதில் கிடைப்பார். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் கேரள அரசின் கால்நடை நோய் ஆய்வு நிறுவனமே இருக்கு. கிடைக்காரரின் மந்தையோ இன்றைக்கு ஓர் ஊர், அடுத்த வாரம் வேறு தாலுகா.

மாட்டுக்குப் புழு இருக்குன்னு எப்படித் தெரியும்?

பல மாதம் எதுவும் தெரியாது. அதுதான் சிக்கல். பிறகு மாடு மெலியும், ரோமம் பளபளப்பு இழக்கும், பால் குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். கண்ணிமையின் உள்பக்கம் சிவப்பு போய் வெளிறும். முற்றிய நிலையில் தாடைக்கு அடியில் நீர் கோத்து, பை மாதிரி தொங்கும்.

ஆனால் தாடை வீங்கினாலே ஈரல் புழு என்று முடிவு கட்டக்கூடாது. இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவாலும் இப்படி ஆகும். இரைப்பைத் தட்டைப்புழு என்று இன்னொரு வகையும் உண்டு. அதுவும் நத்தை வழியாகத்தான் வரும், அதே ஈரநிலத்தில்தான் இருக்கும். அதன் குட்டிப்புழுக்கள் நாற்றமடிக்கும் கடும் கழிச்சலை உண்டாக்கும்.

உறுதி செய்ய எளிய வழி சாணப் பரிசோதனை. மந்தையில் எட்டுப் பத்து மாடுகளின் புதுச் சாணத்தைத் தனித்தனியாக எடுத்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொடுத்தால் போதும். தட்டைப்புழு முட்டை கனமானது, தண்ணீரில் அடியில் படியும். அதனால் 'தட்டைப்புழு சந்தேகம், வண்டல் முறையில் பாருங்க' என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. மைக்ராஸ்கோப்பில் ஈரல் புழு முட்டை பொன்மஞ்சளாகவும், இரைப்பைப் புழு முட்டை நிறமற்றும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: தொற்றி முதல் மூன்று மாதம் முட்டையே வராது. அந்தக் காலத்தில் ரிப்போர்ட்டில் 'முட்டை இல்லை' என்றால், 'புழு இல்லை' என்று அர்த்தமில்லை.

எந்த மருந்து?

மெடிக்கல் ஷாப்பில் 'பூச்சி மருந்து கொடுங்க' என்று கேட்டு வாங்குவதில்தான் அதிகப் பணம் வீணாகுது. சில அடிப்படை விஷயங்கள்:

ஐவர்மெக்டின் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. உண்ணிக்கும் உருண்டைப்புழுவுக்கும்தான் அது.

ஆக்ஸிக்ளோசனைடு பித்தக்குழாயில் இருக்கும் வளர்ந்த புழுவைக் கொல்லும், இரைப்பைத் தட்டைப்புழுவுக்கும் பயன்படும். ஈரலுக்குள் பயணத்தில் இருக்கும் குட்டிப்புழு தப்பிவிடும்.

அல்பெண்டசோலும் வளர்ந்த ஈரல் புழுவுக்கு மட்டும்தான், அதுவும் கூடுதல் அளவில். சினையின் தொடக்க மாதங்களில் கொடுக்கக்கூடாது.

டிரைகிளாபெண்டசோல் குட்டிப்புழு, வளர்ந்த புழு இரண்டையும் கொல்லும். ஆனால் ஈரல் புழுவுக்கு மட்டும்தான். இரைப்பைத் தட்டைப்புழு இதற்குச் சாகாது. அதனால்தான் எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து வாங்குவது குருட்டடி.

எந்த மருந்துமே தடுப்பூசி அல்ல. மாடுகளின் ஈரல் புழுவுக்குச் சந்தையில் தடுப்பூசியே கிடையாது. இன்றைக்கு மருந்து கொடுத்து, நாளைக்கு அதே கண்மாய் ஓரத்தில் விட்டால், நாளைக்கே மறுபடி தொற்றும்.

அளவு இன்னொரு பிரச்சினை. கண்ணால் எடை போட்டுக் குறைவாகக் கொடுத்தால், தப்பிக்கும் புழு மருந்துக்குப் பழகும். டிரைகிளாபெண்டசோலுக்கு மசியாத ஈரல் புழு ஆஸ்திரேலிய ஆடுகளில் 1990-களிலேயே பதிவாகிவிட்டது. தராசு இல்லாத இடத்தில் ஒரு இஞ்ச் டேப் போதும். மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 120 என்றால், ஏறத்தாழ 249 கிலோ. டிரைகிளாபெண்டசோலுக்கு மாட்டின் வழக்கமான அளவு கிலோவுக்கு 12 மி.கி. அப்படியானால் இந்த மாட்டுக்கு ஏறத்தாழ 3 கிராம். ஃபோனில் கால்குலேட்டர் இருந்தால் அரை நிமிட வேலை. ஆனாலும் எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லணும். பால் கறக்கும் மாட்டுக்கு எல்லா மருந்தும் ஆகாது. சிலவற்றைக் கொடுத்தபின் குறிப்பிட்ட நாட்களுக்குப் பாலை விற்கக்கூடாது.

எப்போது கொடுக்கணும்?

காலண்டரை வைத்துக் கணக்குப் போடலாம். வடகிழக்கு மழையை நம்பும் மாவட்டங்களின் மந்தை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தவணை, செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னால். ஜனவரியிலிருந்து தொற்றிய புழுக்கள் இந்நேரம் பெரும்பாலும் வளர்ந்து பித்தக்குழாயில் இருக்கும். அதனால் வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்தே போதும். இந்தத் தவணை மாட்டைவிட நிலத்துக்காக. மழைநீரில் முட்டை கலக்காவிட்டால், நத்தைக்குத் தொற்று குறையும்.

இரண்டாவது, தாள்வயலையும் கண்மாயோரத்தையும் விட்டு மந்தை மேட்டுக்கு நகர்ந்த பிறகு. ஈரலுக்குள் இருப்பதில் பாதி குட்டிப்புழுவாக இருக்கும் என்பதால், இரண்டையும் கொல்லும் மருந்துதான் இதற்குச் சரி. ஈரநிலத்தில் இருக்கும்போதே கொடுத்தால் காசுக்குக் கேடு.

இந்தோனேசியாவில் நெல்வயல் மாடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லின: கடைசி அறுவடைக்குச் சுமார் ஆறு வாரம் கழித்து ஒரு தவணை டிரைகிளாபெண்டசோல்.

திருவனந்தபுரம் மாதிரி இரண்டு மழை பெய்யும் ஊரில், மே கடைசியில் ஒன்று, மழை ஓய்ந்து ஜனவரி–பிப்ரவரியில் ஒன்று என்று மருத்துவரிடம் கேட்டுத் திட்டமிடலாம்.

மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்?

தாள்வயலில் அடித்தாள்தான் ஆபத்து. கூட்டுப்புழு தண்ணீர் மட்டத்தை ஒட்டித்தான் ஒட்டும். வைக்கோலுக்கு அறுக்கும்போது அடியை விட்டு மேலே அறுத்து, நன்றாக வெயிலில் காயவைத்த வைக்கோல் பாதுகாப்பானது.

மேட்டுப் புல் இருக்கும்வரை அங்கே மேய்த்து, கண்மாயோரத்தைக் கடைசிக்கு வைக்கலாம். கன்றுகளையாவது சேற்றோரத்தில் விடாமல் தொட்டித் தண்ணீர் காட்டலாம்.

வாத்து நத்தையைத் தின்னும். அறுவடை வயலில் மேய வரும் வாத்துக் கூட்டத்துக்கு மாட்டு மந்தைக்கு முன்னால் இடம் கொடுப்பது நல்ல யோசனை. இந்தோனேசிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வாத்தின் குடலில் வாழும் வேறொரு தட்டைப்புழுவும் அதே நத்தையில்தான் வளரும். அது உள்ளே இருந்தால், ஈரல் புழுவின் குஞ்சை விரட்டிவிடும். அதனால் வாத்துச் சாணத்தை வயலில் சேர்த்து நத்தையை முன்கூட்டியே பிடிக்கவைத்தார்கள்.

நத்தையைக் கொல்ல மயில்துத்தத்தைக் கொட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். கண்மாய் மீனும் சேர்ந்து சாகும்.

நமக்குத் தொற்றுமா?

சமைத்த ஈரலாலோ பாலாலோ இது தொற்றாது. லிவர் ஃப்ரையை நிம்மதியாகச் சாப்பிடலாம். மனிதருக்குத் தொற்றுவது தண்ணீரில் வளரும் கீரையைப் பச்சையாகத் தின்பதாலும், அந்தத் தண்ணீரை அப்படியே குடிப்பதாலும்தான். உலகில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம் ஊரில் கீரையை வேகவைத்துத் தின்கிறோம், அதுவே பெரிய காப்பு.

நீங்க என்ன செய்ய முடியும்?

மாட்டு மருந்து அரசு மருந்தகத்தில் கிடைக்கும். ஆனால் மருந்தகம் ஓரிடத்தில் நிற்கும், மந்தை நிற்காது. எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியிலேயே பல கிடைக்காரர்கள் வரிசையிலிருந்து விலகிவிடுவார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் நடமாடும் மேய்ப்பர்களின் கால்நடைகளை முதன்முறையாகத் தனியாக எண்ணினார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ப்பர்களுக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இனிமேலாவது மருந்து மந்தையின் பாதையைத் தேடிப் போகுமா என்பதுதான் கேள்வி.

உங்க ஊரில் அறுவடை முடிஞ்சு கிடை வந்து இறங்கினால், 1962 என்ற இலவச எண்ணைக் கிடைக்காரரிடம் சொல்லுங்க. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றுதான். சாண மாதிரியைப் பக்கத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோக உங்க வீட்டு பைக் உதவும். கிடை உங்க வயலுக்கென்றால், தண்ணீர் பாய்ச்சும் தேதிக்கு முந்தின வாரம் போடச் சொல்லாமல் கோடையிலேயே போடச் சொல்லுங்க. அதற்கு உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. அடுத்த தை மாசம் அதே மந்தை அதே வயலுக்குத் திரும்பும்போது, புல்லில் காத்திருக்கும் புழு குறைவாக இருக்கும்.